ஒரே இரவு, நான்கு நிமிடம்: ‘கோஸ்ட் ட்ரிக்’ பற்றி எங்கள் விறாந்தையில் கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை மாலைகளில் அயல் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். நடுவில் ஒரு மடிக்கணினி, அதோடு இணைத்த பழைய தொலைக்காட்சி. நாங்கள் சேர்ந்து விளையாடிய விளையாட்டுகளுக்குள் அதிகக் கேள்விகளைக் கிளப்பியது ‘கோஸ்ட் ட்ரிக்: ஃபான்டம் டிடெக்டிவ்’. பிள்ளைகள் கேட்டவை, அவர்களை அழைத்துப்போக வந்த தாய்மார் கேட்டவை, களுவாஞ்சிகுடியிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கும் உறவினர்கள் தொலைபேசியில் கேட்டவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கதையின் முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை. முதல் இரண்டு அத்தியாயங்களில் நடப்பவற்றை மட்டும் ஆங்காங்கே தொட்டிருக்கிறேன்.

இது என்ன விளையாட்டு?

இறந்துபோன ஒருவனின் ஆவியாக நாம் விளையாடும் துப்பறியும் புதிர் விளையாட்டு. அவன் பெயர் சிஸல். சிவப்புக் கோட்டு சூட்டு, கறுப்புக் கண்ணாடி. இரவு ஏழு மணியளவில் ஒரு பழைய பொருட்கள் குவிந்த மேட்டில் ‘விழித்துக்கொள்கிறான்’. தான் யார், தன்னைக் கொன்றது யார், ஏன் கொன்றார்கள் என்று எதுவும் அவனுக்கு நினைவில்லை. எதிரே ஓர் இளம்பெண்ணை ஒருவன் துப்பாக்கியால் குறிவைத்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் பெண் லின் என்ற பொலிஸ் துப்பறிவாளர். விடிவதற்குள் சிஸலின் ஆவி கரைந்துவிடும் என்று ஒரு மேசை விளக்கு அவனுக்குச் சொல்கிறது. ஆம், மேசை விளக்குத்தான். அதற்குள்ளும் ஓர் ஆவி குடியிருக்கிறது. இனி அந்த ஒரே இரவுதான் கதை முழுவதும்.

எழுதி இயக்கியவர் ஜப்பானின் கப்கொம் நிறுவனத்தைச் சேர்ந்த ஷூ தகுமி. நீதிமன்றத்தில் வழக்காடும் ‘ஏஸ் அட்டர்னி’ விளையாட்டுத் தொடரை உருவாக்கியவரும் இவரே. ‘கோஸ்ட் ட்ரிக்’ முதலில் 2010 யூனில் ஜப்பானிலும் 2011 சனவரியில் மேற்கு நாடுகளிலும் நின்டென்டோ டி.எஸ். என்ற இரட்டைத் திரைக் கையடக்கக் கருவிக்காக வெளிவந்தது. இப்போது நாங்கள் விளையாடுவது 2023 யூன் 30 அன்று வந்த புதுப்பித்த பதிப்பு.

ஆவியால் என்ன செய்ய முடியும்?

மிகக் கொஞ்சம். விளையாட்டின் அழகே அந்தக் கொஞ்சத்தில்தான் இருக்கிறது.

சிஸலால் வாய்விட்டுப் பேச முடியாது, ஆளைத் தள்ள முடியாது, துப்பாக்கியைப் பிடுங்கவும் முடியாது. உயிரில்லாத பொருட்களுக்குள் புகலாம். புகுந்த பொருள் இயல்பாகச் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தைச் செய்ய வைக்கலாம். ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம், ஆனால் கைக்கெட்டும் தூரத்துக்கே. தூரம் சற்றுக் கூடினாலும் போக முடியாது. அப்போது இடையில் இன்னொரு பொருளை நகர்த்தி, தானே தனக்குப் பாலம் போட்டுக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த எங்கள் குசினியையே எடுத்துக்கொண்டேன். நீ ஆவி, இப்போது கதவுப் பூட்டுக்குள் இருக்கிறாய். அடுப்பில் பால் பொங்கி வழியப் போகிறது. அம்மா முற்றத்தில் துணி காயப்போடுகிறார். அவரை உள்ளே வரவைக்க வேண்டும். பூட்டிலிருந்து மேசை லாச்சிக்குத் தாவலாம். லாச்சியைத் திறந்தால் அது மின்விசிறிக்குப் பக்கமாக நீளும். மின்விசிறிக்குப் போய் அதைச் சுழற்றினால் நாட்காட்டித் தாள் படபடக்கும், ஆனால் அந்தச் சத்தம் முற்றம்வரை கேட்காது. தட்டு ராக்கையிலுள்ள எவர்சில்வர் மூடி விழுந்தால் கேட்கும். அந்த மூடிக்கு எப்படிப் போவாய்? இந்தக் கேள்வியோடு அவர்கள் அரை மணித்தியாலம் குசினிக்குள் நின்றார்கள். விளையாட்டைத் தொடங்கும் முன்பே விளையாட்டு விளங்கிவிட்டது.

இதில் காலம் இரு வகையாக ஓடுகிறது. ஆவி உலகத்துக்குள் போனால் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். அந்த நேரத்தில் தாவலாம், யோசிக்கலாம். ஆனால் பொருளை இயக்க வேண்டுமென்றால் உயிருள்ளோரின் உலகத்துக்குத் திரும்பியாக வேண்டும், அங்கே நொடிகள் ஓடிக்கொண்டிருக்கும். நீண்ட தூரப் பயணத்துக்குத் தொலைபேசிக் கம்பி இருக்கிறது. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது அந்த அழைப்பைப் பின்தொடர்ந்தால் மறுமுனையிலுள்ள வீட்டுக்கே போய்விடலாம்.

அந்த ‘நான்கு நிமிடம்’ என்பது என்ன?

இறந்த ஒருவரின் உடலுக்குள் சிஸல் புகுந்தால், அவருடைய மரணத்துக்கு நான்கு நிமிடம் முந்திய நேரத்துக்குத் திரும்பிப் போகலாம். அந்த நான்கு நிமிடத்துக்குள், அங்கிருக்கும் அற்பப் பொருட்களைக் கொண்டு, அவருடைய விதியை மாற்ற வேண்டும். தவறினால் மறுபடி தொடக்கத்திலிருந்து. நடுவில் ஓரளவு விதி மாறிவிட்டால் அந்தக் கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கவும் விளையாட்டு அனுமதிக்கிறது. அது பெரிய ஆறுதல்.

முதல் முறை அந்த நான்கு நிமிடத்தை ஒன்றும் செய்யாமல் முழுவதுமாகப் பாருங்கள். எங்கள் விறாந்தையில் இது ஒரு சட்டம். கொலைகாரன் எந்தப் பக்கத்தால் வருகிறான், எதில் இடறுகிறான், எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்று பார்த்து வைத்தவருக்கே பிறகு கை ஓடும். அவசரமாகத் தொட்டவர் எவரும் எங்களுக்குள் முதலில் வென்றதில்லை.

பேய் விளையாட்டு என்கிறீர்களே, பிள்ளைகள் பயப்பட மாட்டார்களா?

தாய்மார் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பயமுறுத்தும் விளையாட்டு அல்ல. திடீரென்று பாய்ந்து வரும் கோர உருவம் எதுவும் இல்லை. நிறங்கள் பளிச்சென்று இருக்கும், ஆட்கள் நகைச்சுவையாகப் பேசுவார்கள். ஆனால் மரணம் இருக்கிறது. துப்பாக்கிச் சூடு இருக்கிறது, ஆட்களைக் கொல்லக் கூலி வாங்குவோர் இருக்கிறார்கள், மரணதண்டனை பற்றிய பகுதியும் உண்டு. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தனியே விட்டு விளையாட வைக்காதீர்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இது மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து.

மந்திரம், செய்வினை போன்றவை கதையில் வருகின்றனவா?

மட்டக்களப்புக்கு வருகிறவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் காலங்காலமாகச் சொல்வதைக் கேட்டு வளர்ந்த எங்களிடம் இந்தக் கேள்வி எழுவது இயற்கை. இல்லை. பூசை, மந்திரம், ஏவல் ஒன்றுமே கதையில் கிடையாது. ஆவிக்கு ஏன் இந்தச் சக்தி வந்தது என்பதற்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது, அதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்கு நினைவுக்கு வருவது மந்திரவாதியல்ல, அரவான். அம்மம்மாவின் ஊர் பாண்டிருப்பு. அங்கே திரௌபதை அம்மன் கோயில் உற்சவத்தில் பாரதக் கதை நாட்கணக்கில் நடக்கும், தீமிதிப்போடு நிறைவுறும். களப்பலியான பிறகும் தலை மட்டும் இருந்து போரைப் பார்க்க வரம் கேட்டவன் அரவான் என்று அம்மம்மா சிறு வயதில் சொல்வார். இறந்தவன் கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், ஆனால் கைகால் இல்லை. சிஸலை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அந்தக் கதைதான் மனதில் எழுந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஆவி அந்நியமாகத் தோன்றாததற்கும் இதுவே காரணமென்று நினைக்கிறேன்.

புதுப்பித்த பதிப்பில் என்னென்ன மாறியிருக்கிறது?

கதையும் புதிர்களும் மாறவில்லை. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. கப்கொம் ‘ஆர்.இ. எஞ்சின்’ என்ற, விளையாட்டுகளை உருவாக்கும் தன் சொந்த மென்பொருளில் விளையாட்டை மறுபடி கட்டியிருக்கிறது. படம் கூர்மையாக இருக்கிறது, அசைவு வினாடிக்கு 60 சட்டகங்களாக வழுக்கிக்கொண்டு போகிறது. இந்த விளையாட்டில் அசைவுதான் உயிர் என்பதால் அந்த வேறுபாடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மசகாஸு சுகிமோரி முதலில் அமைத்த இசையை யசுமசா கிதகவா புதிதாக ஒழுங்கமைத்திருக்கிறார். பழையதா புதியதா என்று நீங்களே மாற்றி மாற்றிக் கேட்கலாம். எனக்குப் பழைய இசையே பிடிக்கும், பிள்ளைகளுக்குப் புதியது. ஓவியத் தொகுப்பு, இசைத் தொகுப்பு, கட்டங்களை நகர்த்திப் படம் சேர்க்கும் சிறு புதிர்கள், சவால்கள் ஆகியவையும் சேர்ந்திருக்கின்றன.

திரையின் இரு பக்கமும் ஏன் சட்டம் போட்டதுபோல் இருக்கிறது? எங்கள் தொலைக்காட்சியில் பிழையா?

பிழையல்ல. பழைய கருவியின் 4:3 அளவிலேயே காட்சிகளை வைத்துக்கொண்டு, ஓரங்களை அலங்காரத்தால் நிரப்பியிருக்கிறார்கள். இழுத்து அகலமாக்கியிருந்தால் பொருட்களுக்கு இடையிலான தூரம் கெட்டுப் புதிர்களே சிதைந்திருக்கும். அவர்கள் செய்தது சரி.

தமிழில் இருக்கிறதா?

இல்லை. ஆங்கிலம், ஜப்பானியம், பிரெஞ்சு, கொரியம், சீனம் போன்ற மொழிகளில் இருக்கிறது. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. குரல் நடிப்பும் கிடையாது, எல்லாம் எழுத்தில் வரும் உரையாடல்.

முதல் நாளில் இதுதான் எங்களைத் தோற்கடிக்கப் பார்த்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த இருவர் முன்னால் இருந்து விளையாட, மற்ற ஆறு பேரும் பின்னால் இருந்து தொலைபேசியை நோண்டத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வாரம் ஒழுங்கை மாற்றினோம். ஒருவர் வாசிப்பார், ஒருவர் உடனே தமிழில் சொல்வார், ஒருவர் கட்டுப்பாட்டைப் பிடிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பாத்திரத்தின் தமிழ் வசனத்தைத் தங்கள் குரலில் திரும்பச் சொல்வார்கள். கூத்துக் களரியில், கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் எடுத்துக்கொடுக்கப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவதைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இது சொல்லித் தர வேண்டிய முறையல்ல.

கூத்தோடு இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளிலும் ஒவ்வொரு பாத்திரமும் தனக்கென்று ஒரு வரவு ஆட்டத்தோடு களரிக்குள் நுழையும். அரசன் எவன், காவலன் எவன் என்று கால் மிதிப்பிலேயே தெரிந்துவிடும். இந்த விளையாட்டில் கபனெலா என்றொரு பொலிஸ் அதிகாரி வருகிறார். வெள்ளைக் கோட்டு, நீண்ட கால்கள். நடப்பதே இல்லை, சுழன்று ஆடிக்கொண்டே வருவார். பேச்சையும் ‘வாாாருங்கள்’ என்பதுபோல் இழுப்பார். அவர் வந்த உடனே எங்கள் கூட்டத்தில் ஒருவன் எழுந்து தாளக்கட்டுச் சொல்லி ஆடிக் காட்டினான். அவனுடைய பெரியப்பா கூத்து ஆடியவர். அன்றிலிருந்து கபனெலாவின் வசனம் அவனுக்கே உரியது.

இப்படிச் செய்தால் விளையாட்டு மெதுவாகத்தான் நகரும். ஆனால் ஒரு வரியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று சண்டை பிடிக்கும்போது, அந்த வரிக்குள் மறைந்திருக்கும் தடயத்தைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நான் மூன்று தடவை தனியே விளையாடியும் கவனிக்காத ஒரு குறிப்பை, பதினொரு வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கும்போது பிடித்தாள்.

எந்தக் கருவியில் விளையாடலாம்?

விண்டோஸ் கணினி, நின்டென்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகியவற்றில் 2023இல் வந்தது. 2024 மார்ச்சில் ஆண்ட்ரொய்ட், ஐஃபோன் ஆகியவற்றுக்கும் வந்தது. தொலைபேசியில் தனியே விளையாட வசதிதான், ஆனால் சிறு எழுத்துகளைச் சேர்ந்து வாசிக்க முடியாது. எங்களுடையது கணினிப் பதிப்பு.

எப்படி வாங்குவது? விலை என்ன?

வெளியான நேரத்து விலை 29.99 அமெரிக்க டொலர். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் இலங்கையிலிருந்து வாங்கும்போது விலை டொலரிலேயே காட்டும். வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு உங்கள் வங்கி அட்டை திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் வங்கியில் கேளுங்கள். இல்லையென்றால் கடைசி நிமிடத்தில் மறுக்கப்படும். எனக்கு அப்படி இருமுறை நடந்தது. இந்தத் தொகை எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்குச் சிறிய தொகையல்ல. கழிவு விற்பனைக் காலங்களில் பாதிக்கும் கீழே இறங்குவதுண்டு, அதுவரை காத்திருங்கள். நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். தொடக்கப் பகுதி இலவச மாதிரியாகவும் விடப்பட்டது. உங்கள் கணினி தாங்குமா என்பதை அந்த மாதிரியிலேயே சோதித்துவிடலாம்.

களவுப் பிரதி பற்றியும் கேட்கிறார்கள். நான் கொடுக்க மாட்டேன்.

இணையம் எப்போதும் வேண்டுமா? மின்சாரம் போனால்?

ஒருவர் மட்டும் விளையாடும் விளையாட்டு என்பதால், இறக்கி நிறுவி ஒருமுறை தொடங்கிப் பார்த்த பிறகு இணையம் தேவையில்லை. மின்சாரத்தை நம்பாதீர்கள், அடிக்கடி சேமியுங்கள். மாரி காலத்தில் இடிமின்னல் என்றால் தொலைக்காட்சி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

முழுவதும் முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பதினெட்டு அத்தியாயங்கள். தனியே விளையாடினால் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம். எங்களுக்குப் பதினான்கு சனிக்கிழமைகள் எடுத்தன.

ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால் இணையத்தில் விடை பார்க்கலாமா?

பார்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு புதிரின் விடையைத் தேடப் போய்க் கதையின் முடிவில் விழுந்துவிடுவீர்கள். இந்த விளையாட்டின் முடிவு ஒருமுறைதான் கிடைக்கும்.

சிக்கினால் இப்படிச் செய்யுங்கள். காட்சியிலுள்ள ஒவ்வொரு பொருளின் பெயரையும் கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில் அது என்ன செய்யும் என்று ஒரு சொல்: சுழலும், உருளும், திறக்கும், ஒலிக்கும். பிறகு, அது எந்த நேரத்தில் பயன்படும் என்று எழுதுங்கள். இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பல புதிர்களில் பொருளும் சரி, செயலும் சரி, நேரம்தான் பிழை. ஒருவன் ஒரு படி நகர்ந்த பிறகு அதே பொருளுக்கு வேறு பயன் வந்துவிடும். தாவ முடியாத தூரம் என்று தோன்றினால் அசைகிற பொருள் எது என்று பாருங்கள். அசைகிற ஒன்றுக்குள் ஏறிக்கொண்டால் அது உங்களைச் சுமந்துபோகும்.

தோற்ற காட்சிகளையும் விரைந்து கடக்காதீர்கள். ஒவ்வொரு தோல்விக்கும் சிஸல் ஏதாவது சொல்வான். அதில் குறிப்பு இருக்கும்.

இழப்பைக் கண்ட வீட்டில் இதை விளையாடலாமா?

இதை என்னிடம் கேட்டவர் ஒரு தாய். மகளை அழைத்துப்போக வந்தவர், வாசலில் நின்றபடியே லின் இறப்பதையும் சிஸல் நான்கு நிமிடம் பின்னால் போவதையும் பார்த்துவிட்டார். அவர் நாவலடிக்காரர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் அங்கே என்ன நடந்தது என்று இந்த ஊரில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. “நாலு நிமிடம் இருந்தாலே காணும், தம்பி,” என்றார். பிறகு உள்ளே வந்து பாயில் இருந்தார்.

அன்று நான் விளையாட்டை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். அவர்தான் வேண்டாம் என்றார். அடுத்தடுத்த வாரங்களிலும் வந்தார். ஒரு வசனமும் பேசமாட்டார். ஆனால் ஒரு பொருளைப் பிள்ளைகள் கவனிக்காமல் விட்டால், “அந்தக் குடையைப் பாருங்கோ” என்பதுபோல் மெல்லச் சொல்வார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது.

ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் பதில் என்னிடம் இல்லை. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இதில் ஆட்கள் இறப்பார்கள், அந்த மரணத்தைப் பார்த்துவிட்டுத்தான் காப்பாற்ற முடியும். யாராவது எழுந்து போனால் தடுக்காதீர்கள், ஏன் என்றும் கேட்காதீர்கள். இறந்தவர்கள் திரும்புவது கதையில்தான் என்பது, இழந்தவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதே ஆசிரியரின் மற்ற விளையாட்டுகளைத் தெரிந்திருக்க வேண்டுமா?

தேவையில்லை. இது தனிக்கதை.

முடித்த பிறகு மறுபடி விளையாடுவதில் அர்த்தம் இருக்கிறதா?

நிச்சயமாக. முதல் அத்தியாயத்தை மறுபடி தொடங்குங்கள், போதும். அதே ஆட்கள், அதே சொற்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஏன் அப்படிச் சொல்கிறார், ஏன் அந்த இடத்தில் நிற்கிறார் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். தகுமி தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் நம் கண் முன்னால் வைத்திருக்கிறார். எதையும் ஒளிக்கவில்லை, நாம்தான் பார்க்கவில்லை. இந்த நேர்மைக்காகவே இந்தக் கதையை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

அந்த நாய்க்குட்டிக்கு ஏன் அப்படியொரு பெயர்?

மிசைல். குட்டி பொமரேனியன் நாய். தகுமி வீட்டில் வளர்த்த நாயின் பெயரும் இனமும் அதுவே, தன் நாயையே கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார். ஏவுகணை என்று தமிழில் சொன்னபோது பெரியவர்களுக்கு அது ஒரு மாதிரிப் பட்டது, இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு நினைவுகள் உண்டு. ஆகவே வசனத்தில் மிசைல் என்றே விட்டுவிட்டோம். எதைக் கண்டாலும் “வரவேற்கிறேன்!” என்று முழு மூச்சில் குரைக்கும் அந்த நாயின் வசனத்துக்குத்தான் எங்கள் கூட்டத்தில் போட்டி அதிகம். கடைசியில் வயதில் இளைய பிள்ளைக்குக் கொடுத்தோம்.

நாய் செத்துப்போகுமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

அந்த இளைய பிள்ளையே கேட்டது. இரண்டாம் அத்தியாயத்தில் சாகும். பயப்படாமல் பக்கத்தில் இருங்கள், நமக்கு நான்கு நிமிடம் இருக்கிறது.